ஆல்டோ தமக்குக் கட்டிக்கொண்ட வீடு

ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரின் மேற்குப் பக்கம் முன்க்கினியெமி என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே ரீஹிதியே என்ற அமைதியான தெருவில், 20ஆம் எண் வீட்டின் முன் கொஞ்ச நேரம் நிற்போம். உள்ளே போக அவசரம் வேண்டாம். வெள்ளைச் சுவர், அதை ஒட்டிக் கருமை பூசிய மரச்சட்டங்கள், தட்டைக் கூரை, தெருவைப் பார்த்து மிகக் குறைவான ஜன்னல்கள். கண்ணில் படுவது இவ்வளவுதான். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த கட்டடக் கலைஞர்களில் ஒருவரான அல்வர் ஆல்டோவும், அவருக்கு மனைவியாகவும் தொழிலில் துணையாகவும் இருந்த ஐனோவும், தங்களுக்கும் தங்கள் இரு பிள்ளைகளுக்குமாக வரைந்து 1936இல் குடிவந்த வீடு இது. குடியிருப்பவர்களின் பெருமையைப் பேசும் அலங்காரம் ஒன்றுகூட இதன் முகப்பில் இல்லை. அந்த அடக்கம்தான் இந்த வீட்டின் முதல் அழகு.

இந்த அடக்கத்தின் அருமை தெரிய வேண்டுமானால், அவர்கள் அப்போது எந்த உயரத்தில் இருந்தார்கள் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1924இல் மணம் செய்துகொண்ட இருவரும் யுவாஸ்குலா என்ற சிறிய ஊரில் தொழிலைத் தொடங்கி, 1927இல் துர்க்கு நகருக்கும் 1933இல் ஹெல்சிங்கிக்கும் பெயர்ந்தவர்கள். அந்த 1933இலேயே பைமியோ காசநோய் மருத்துவமனை கட்டி முடிந்து, ஐரோப்பா முழுவதும் ஆல்டோவின் பெயரைச் சொல்ல வைத்தது. வழவழப்பான வெள்ளைப் பரப்பும் நீள நீளமான ஜன்னல் வரிசையும்தான் புதுமையின் அடையாளம் என்று அந்தத் தலைமுறையே நம்பிய காலம். சொந்த வீடு என்று வந்தபோது ஆல்டோ இணையர் அந்த வெண்மையை விட்டுவிடவில்லை. அதன் கடுமையை மட்டும் மெல்லக் கழற்றி வைத்தார்கள். எப்படி என்பதை அந்தச் சுவரின் அருகில் போனால் கண்டுகொள்ளலாம்.

தூரத்தில் ஒரே சீரான வெள்ளையாகத் தெரிந்த சுவர், கிட்டப் போகப் போக வரி வரியாகப் பிரிகிறது. செங்கல் கட்டுமானத்தின் மேல் கனமாகச் சாந்து பூசி மறைக்காமல், மெல்லிய பூச்சும் வெள்ளையும் மட்டும் அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லின் விளிம்பும், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள சாந்துக் கோடும், மெல்லிய துணியின் அடியில் கைரேகை தெரிவதுபோல இளகித் தெரிகின்றன. சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழும் வேளையில் அந்தச் சுவரைக் கற்பனை செய்து பாருங்கள். வரிக்கு வரி மயிரிழை நிழல். எந்தக் கல்லும் இன்னொரு கல்லை அப்படியே ஒத்ததில்லை. கொத்தனாரின் கை போய்வந்த தடத்தை அழித்துவிடாமல், அதன்மேல் வெண்மையை மட்டும் போர்த்திய சுவர் இது. எட்ட நின்றால் நவீனமாகவும் கிட்ட நின்றால் பழகிய சுவராகவும் ஒரே பரப்பு மாறிக்கொள்ளும் இந்த நயத்தை எத்தனை முறை பார்த்தாலும் சலிப்பதில்லை.

வெள்ளைச் செங்கல் வீடு முழுவதும் இல்லை என்பதையும் கவனியுங்கள். வீட்டின் ஒரு கை செங்கல். மற்றொரு பகுதி முழுக்க, கருமை ஏற்றிய ஒல்லியான மரச்சட்டங்களை நெட்டுக்குத்தாக நெருக்கமாக அடித்து மூடியது. இந்த மாற்றம் அலங்காரத்துக்காகச் செய்ததல்ல. வெள்ளைச் செங்கல் பகுதிக்குள் இருந்தது ஆல்டோவின் அலுவலகம். கருமரம் போர்த்திய பகுதிக்குள் இருந்தது குடும்பம். தொழிலும் குடும்பமும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த வீடு என்ற உண்மையை, பெயர்ப்பலகை எதுவும் இல்லாமல், சுவரின் தோலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். இரண்டும் சேரும் இடத்தில் மோதல் கிடையாது. குளிர்ந்த வெள்ளையின் பக்கத்தில் வெதுவெதுப்பான மரம் வந்து நிற்கிறது. ஒன்றின் அருகில் மற்றது இன்னும் அழகாகத் தெரிகிறது. போதாததற்கு, கொடிகள் பற்றி ஏற வழிசெய்து, பச்சையையும் கட்டுமானப் பொருளாகவே சேர்த்துக்கொண்டார்கள். இங்கே தோட்டம் வீட்டைச் சுற்றி மட்டும் இல்லை, சுவர்மேலும் இருக்கிறது.

இனி உள்ளே போகலாம். தெருவுக்கு முகம் கொடுக்காத வீடு, தோட்டத்துக்கு முழு நெஞ்சையும் திறந்து காட்டுகிறது. கூடத்தின் அகன்ற ஜன்னல் தெற்கே தோட்டத்தைப் பார்த்திருக்கிறது. ஹெல்சிங்கி 60 பாகை வட அட்சரேகையில் உள்ள நகரம். டிசம்பர் நடுவில் பகல் ஆறு மணி நேரம்கூட நிறையாது. நண்பகலிலும் சூரியன் அடிவானத்தைவிட்டு அதிகம் எழும்பாது. கோடையிலோ ஏறக்குறைய பத்தொன்பது மணி நேரம் பகல். வெளிச்சம் இப்படி ஒரு பருவத்தில் விருந்தும் மறு பருவத்தில் விரதமுமாக வரும் ஊரில், ஜன்னல் என்பது சுவரில் விட்ட ஓட்டை மட்டும் ஆகாது. அதுதான் வீட்டின் உயிர். ஆல்டோவின் ஜன்னல் அந்தப் பொறுப்பை உணர்ந்த ஜன்னல். தாழ்ந்து வரும் குளிர்கால வெயில் அறையின் ஆழம்வரை நீண்டு படுத்துக்கொள்ள இடம் விட்டிருக்கிறது.

ஜன்னலடித் திட்டை மறந்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். செடித்தொட்டிகள் வரிசையாக அமரும் அளவுக்கு அகலம். வெளியே பனி மூடிய தோட்டம், நடுவே கண்ணாடி, இப்புறம் பசுமையாகத் துளிர்த்த இலைகள், அவற்றைத் தாண்டி இருக்கைகள். கண் வெளியிலிருந்து உள்ளே வரும்போது எங்கேயும் தடுக்கி விழுவதில்லை. தோட்டம், கண்ணாடி, இலை, மரம், துணி என்று படிப்படியாக இறங்கி வருகிறது. வெளியையும் உள்ளையும் பிரிக்கும் கோட்டை அழித்துவிட வேண்டும் என்று அந்த நாளில் உரத்துப் பேசியவர்கள் பலர். ஆல்டோ இணையர் கோட்டை அழிக்கவில்லை. அதை அகலமாக்கி, அதில் செடி வளர்த்தார்கள்.

இந்த வீட்டில் நான் மனதைப் பறிகொடுத்த இடம், கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவிலுள்ள ஸ்லைடிங் கதவு. கூடத்திலிருந்து சில மரப்படிகள் ஏறினால் அந்தக் கதவு. பக்கவாட்டில் தள்ளினால் குடும்பக் கூடம் வரைபட அறைக்குள் ஓடிக் கலக்கிறது. இழுத்து மூடினால் இரண்டு உலகங்கள். அந்தச் சில படிகளின் நுட்பத்தைப் பாருங்கள். கதவு திறந்தே கிடந்தாலும், வேலை செய்யும் இடம் கொஞ்சம் மேலே இருக்கிறது என்பதைக் கால் அறியும். வீட்டிலிருந்து வேலைக்குப் போவதற்கு இந்த வீட்டில் ஆன பயணமே அந்தச் சில படிகள்தான். அந்தச் சிறு பயணம் வேண்டும் என்று அவர்கள் நினைத்ததில்தான் எவ்வளவு வாழ்க்கை ஞானம்! தரையை ஒரே மட்டமாக விட்டிருந்தால் அலுவலகம் கூடத்துக்குள் பரவியிருக்கும். சுவர் வைத்து அடைத்திருந்தால் அப்பா எப்போதும் வேறெங்கோ இருப்பவராக ஆகியிருப்பார். படியும் கதவும் சேர்ந்து, நெருக்கத்தையும் தனிமையையும் ஒருசேரக் கொடுக்கின்றன.

கதவைத் தாண்டினால் உயர்ந்த கூரையுள்ள வேலை அறை. வெள்ளையடித்த செங்கல் இங்கே வெளியிலிருந்து உள்ளேயும் தொடர்ந்து வந்துவிட்டதுபோல் இருக்கிறது. ஆல்டோவின் மேசை, சுவர் திரும்பும் மூலையில், ஜன்னலை ஒட்டி இருக்கிறது. வரைகிறவர் தலையைக் கொஞ்சம் தூக்கினால் போதும், தோட்டம். கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும் முதலாளியின் இருக்கையாக அது இல்லை. வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்துகொண்ட ஒரு வேலையாளின் இடமாக இருக்கிறது. அறையிலிருந்து மேலே ஏறிக் கூரை மாடிக்குப் போக ஒரு குறுகிய ஏணி வழியும் உண்டு. தாம் சந்திக்க விரும்பாதவர்கள் வந்தால் அந்த வழியாக ஆல்டோ நழுவிவிடுவார் என்று சொல்வார்கள். கதை எப்படியோ, அந்த ஏணி வழியில் ஒரு கனிவான புரிதல் இருக்கிறது. எந்த வேலை அறைக்கும் வானத்துக்குப் போக ஒரு வாசல் வேண்டும்.

இந்த அறையிலிருந்து என்னென்ன புறப்பட்டன என்பதையும் எண்ணிக்கொள்வோம். நோர்மார்க்கு என்ற ஊரில் 1939இல் முடிந்த வில்லா மைரேயா, அதே ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் எழுந்த ஃபின்லாந்து அரங்கு, போருக்குப் பிறகு அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்களுக்காக வளைந்து நெளிந்து எழுந்த பேக்கர் விடுதி, சாய்னாட்சாலோ ஊர் மன்றத்தின் செங்கல் முற்றம். 1955இல் நடக்கும் தொலைவிலேயே தனி அலுவலகம் கட்டிக்கொள்ளும்வரை அவர்களுடைய பெரிய பணிகளின் கோடுகள் இங்கேதான் பிறந்தன. வில்லா மைரேயாவில் இரும்புத் தூண்களைப் பிரம்பால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். அதைப் பார்த்து உலகம் வியந்தது. அந்த மனத்தின் முதல் பயிற்சி இந்த வீட்டின் வெள்ளைச் செங்கலிலும் கருமரத்திலும் நடந்திருக்கிறது.

இப்போது சாப்பாட்டு அறை. மேசையைச் சுற்றி இருக்கும் நாற்காலிகள் அவர்கள் வடிவமைத்தவை அல்ல. 1924இல் தேனிலவுக்கு இத்தாலி போனபோது வாங்கிவந்த, பழைய இத்தாலியப் பாணி நாற்காலிகள். நாற்காலி வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்றவர்கள், தங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றித் தங்கள் படைப்புகளைப் போட்டுக்கொள்ளாமல், இளமையின் நினைவைப் போட்டுக்கொண்டார்கள். ஒரு வடிவமைப்பு நூலில் இது பொருந்தாத துணுக்காகத் தோன்றலாம். ஒரு வீட்டில் இதைவிடப் பொருத்தம் வேறில்லை. புதிய வடிவங்களுக்கு நடுவில் அந்தப் பழைய மர வேலைப்பாடு, குடும்பப் படத்தில் தாத்தா உட்கார்ந்திருக்கும் கம்பீரத்தோடு வீற்றிருக்கிறது.

அதே அறையில் சமையலறைப் பக்கச் சுவரைப் பாருங்கள். சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் ஓர் அலமாரி; அது இரண்டு பக்கமும் திறக்கும். அந்தப் பக்கம் கழுவித் துடைத்து வைத்த தட்டை இந்தப் பக்கம் எடுத்து மேசையில் வைக்கலாம். சாப்பிட்டு முடித்ததும் அதே வழியாகத் திரும்ப அனுப்பலாம். ஒரு நாளில் எத்தனை முறை தட்டோடும் கிண்ணத்தோடும் நடக்கிறோம் என்பதைச் சமையலறையில் நின்றவர்கள்தான் அறிவார்கள். 1930இல் ஹெல்சிங்கியில் நடந்த சிறு வீடுகள் குறித்த கண்காட்சிக்கு ஒரு மாதிரிச் சமையலறையை வடிவமைத்தவர் ஐனோ. குறைந்த நடையில் நிறைந்த வேலை நடக்க வேண்டும் என்ற அக்கறை அவருடையது. இந்த அலமாரியில் அந்த அக்கறை கைக்கெட்டும் உயரத்தில் நிற்கிறது. அழகு என்பது பார்வைக்கு மட்டும் உரியதா என்ன? கால் நோகாமல் காப்பதும் அழகுதான்.

ஐனோவின் கை வீடு முழுவதும் பரவியிருக்கிறது. ஆல்டோ என்ற பெயரைச் சொன்னதும் அல்வரை மட்டும் நினைப்பது பழகிப்போன வழக்கம். ஆனால் அறைகலன்களையும் துணிகளையும் விளக்குகளையும் விற்பதற்காக 1935இல் தொடங்கிய ஆர்ட்டெக் நிறுவனத்தில் ஐனோ முன்னின்றார். 1932இல் அவர் வடிவமைத்த, நீரில் கல் எறிந்தால் எழும் வளையங்கள்போன்ற வரிகள் ஓடும் கண்ணாடிக் குவளைகள் இன்றும் விற்பனையில் உள்ளன. கூடத்தில் இருக்கும் பெரிய பியானோ ஐனோவின் விரல்களுக்கானது. அதன் பளபளக்கும் கரிய உடல் அங்கே ஆடம்பரமாகத் தெரிவதில்லை. சுற்றிலும் மரமும் துணியும் இலையும் மங்கிய வண்ணங்களில் இருப்பதால், அது ஒரு நிழல்போல் நிதானமாக அமர்ந்திருக்கிறது. வேலை அறையில் பென்சில் கோடு போடுவதும், படிகளுக்குக் கீழே பியானோ ஒலிப்பதும், நடுவில் கதவு பாதி திறந்திருப்பதும் இந்த வீட்டின் அன்றாடத்தில் இயல்பாகப் பொருந்திவிடுகின்றன.

அறைகலன்களுக்கு வருவோம். ஆல்டோவின் புகழ்பெற்ற முக்காலியின் ஒரு காலை மட்டும் எடுத்துக்கொண்டு உற்றுப் பாருங்கள். பிர்ச் மரம், ஃபின்லாந்துக் காடுகளில் தாராளமாக வளரும் வெளிறிய நிற மரம். ஒரு கட்டையின் நுனியை மட்டும் நாரோட்டத்தின் வழியே மெல்லிய பிளவுகளாக அறுப்பார்கள். அந்தப் பிளவுகளில் பசை தடவிய மெல்லிய மரத்தகடுகளைச் செருகுவார்கள். பிறகு நுனியை வளைத்து, காய்ந்து இறுகும்வரை அப்படியே பிடித்து வைப்பார்கள். கீழே உறுதியான ஒற்றை மரமாக நிற்கும் கால், மேலே வளைவில் மட்டும் புத்தகத்தின் தாள்களைப்போல அடுக்கடுக்காகத் தெரியும். வளைந்த நுனி இருக்கைப் பலகையின் அடியில் நேராகப் போய்ப் பொருந்திவிடும். கால்களை இணைக்கக் குறுக்குச் சட்டம் தேவையில்லை. ஓட்டோ கோர்ஹோனன் என்ற தச்சுத் தொழில் வல்லுநருடன் சேர்ந்து இந்த முறையைக் கண்டு, 1933இல் அந்த முக்காலியை உருவாக்கினார்கள். மரத்தை ஒடிக்காமல் இணங்க வைத்த அந்த வளைவில் ஒரு விரலை வைத்துத் தடவிப் பார்த்தால், கைத்தொழிலும் தொழிற்சாலையும் கைகோத்துக்கொண்ட இடம் விரல் நுனியில் தட்டுப்படும்.

கூடத்தில் வரிக்குதிரைக் கோடு போட்ட துணியில் ஒரு பெரிய சாய்வு நாற்காலி உண்டு. 1936ஆம் ஆண்டு வடிவம். அதன் இரு கைகளும் அகலமான பிர்ச் பட்டைகள். முன்னால் வளைந்து தரையில் இறங்கி, பின்னோக்கி ஓடி முடிந்துவிடுகின்றன. பின்னங்கால் கிடையாது. உட்காருபவரின் கனத்தை அந்த இரு வளைவுகளே ஏந்திக்கொள்கின்றன. அடக்கமே உருவான அறையில் இந்தக் கறுப்பு வெள்ளைக் கோடுகள் மட்டும் கொஞ்சம் துள்ளுகின்றன. அந்தத் துள்ளல் தேவைதான். எல்லாமே மெல்லிய குரலில் பேசும் வீட்டில் வாய்விட்டுச் சிரிக்க ஒருவர் வேண்டாமா?

மாடிக்கு ஏறினால் வீடு இன்னும் தணிந்த குரலில் பேசத் தொடங்குகிறது. படுக்கை அறைகளின் நடுவே, கணப்பு அடுப்போடு ஒரு சிறிய கூடம். கீழே விருந்தினரும் உதவியாளர்களும் வந்துபோகும் கூடம் இருக்க, குடும்பத்துக்கென்று மட்டும் ஒதுக்கிய இடம் இது. அலுவலகத்தை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டவர்கள், அதற்கு எட்டாத ஓர் இடத்தையும் மறக்காமல் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கிருந்து வெளியே வந்தால் திறந்த மாடி. தெருவில் நின்றபோது மூடிய பெட்டிபோலத் தோன்றிய அதே வீடு, இங்கே வானத்தைப் பார்த்துக் கைவிரித்திருக்கிறது. நீண்ட கோடைப் பகலை வீணாக்காமல் வாழ்வதற்கு அவர்கள் செய்துவைத்த ஏற்பாடு இது.

இந்த வீடு இன்பத்தை மட்டும் பார்த்ததில்லை. 1949இல் ஐனோ காலமானார். 1952இல் ஆல்டோ, தம் அலுவலகத்தில் பணிபுரிந்த கட்டடக் கலைஞர் எலிஸ்ஸாவை மணந்தார். புகழ் கண்டங்களைத் தாண்டிய பின்னும், பெரிய மாளிகைகளையும் பல்கலைக்கழகங்களையும் கட்டிய பின்னும், ஆல்டோ வேறு வீடு தேடவில்லை. 1976இல் மறையும்வரை, நாற்பது ஆண்டுகள், இதே கூரையின்கீழ் வாழ்ந்தார். ஒரு கட்டடக் கலைஞர் தம் படைப்புக்கு அளிக்கக்கூடிய சான்றிதழில் இதற்கு மேலானது எது? இன்று இந்த வீடு ஆல்டோவின் பெயரிலுள்ள அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கிறது. வழிகாட்டியுடன் உள்ளே சென்று பார்க்கலாம்.

ஆல்டோவின் வீட்டை அழகாக்குவது எந்தத் தனிப் பொருளும் அல்ல. பொருள்கள் சேரும் இடங்கள். கல் மரத்தோடு சேரும் இடம், கண்ணாடி செடியோடு சேரும் இடம், கூடம் வேலையோடு சேரும் அந்தச் சில படிகள், சமையலறை சாப்பாட்டு மேசையோடு கைகுலுக்கும் அலமாரி. சேரும் இடங்களில் அன்பு காட்டிய வீடு இது. அதனால்தான் தொண்ணூறு ஆண்டுகளை நெருங்கிய பின்னும் இது காட்சிப் பொருளாக இறுகிப்போகாமல் வாழும் வீடாகவே தெரிகிறது.

வீடு கட்ட நினைக்கும் அன்பர்களே, சதுர அடிக் கணக்கில் இறங்கும் முன் இந்த வீட்டை ஒருமுறை நேரிலோ படங்களிலோ நின்று நிதானித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் வெயில் எந்த வேளையில் எங்கே வந்து விழும், தட்டைத் தூக்கிக்கொண்டு யார் எத்தனை முறை நடப்பார்கள், வேலை எங்கே முடிந்து வீடு எங்கே தொடங்கும் என்று வரைபடம் போடுபவரிடம் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால் முகப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.